நாற்காலி போகும் அகலம்

போர்ட் பிளேரில் ஹேடோவைத் தாண்டியபோது நாற்காலியைத் தலையிலிருந்து இடது தோளுக்கு மாற்றிக்கொண்டேன். லம்பா லைனில் கிளம்பியதிலிருந்து அது தலைமேல்தான் இருந்தது. பிரம்பு நாற்காலி. எடை ஒன்றுமில்லை, அகலம்தான் தொந்தரவு. சாலையோரத்தில் நடக்க இடம் இருந்த பக்கமெல்லாம் ஸ்கூட்டர்கள் நின்றன. ஸ்கூட்டர் இல்லாத பக்கம் மூடி போடாத சாக்கடை. ஆகவே தார்மேல் இறங்கித்தான் நடந்தேன். பின்னால் வந்த ஒவ்வொரு வண்டியும் ஹாரன் அடித்துவிட்டுக் கடந்தது. ஒரு ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து, நாற்காலிக்குக் கல்யாண ஊர்வலமா என்று ஹிந்தியில் கேட்டார். நானும் சிரித்து வைத்தேன். நாற்காலியின் ஒரு கால் உடைந்து, பச்சை நைலான் கயிற்றால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. இரண்டு கைப்பிடிகளுக்கும் அடியில் மூங்கில் நுழைவதற்கான கயிற்று வளையங்கள் தொங்கின. மூங்கில்கள் இல்லை. சாத்தம் பாலத்தின் மேல் போகும்போது பின்னால் ஒரு கார்க்காரர் கையை எடுக்காமல் ஹாரன் அடித்தார். நான் அப்படியே நின்றுவிட்டேன். நீண்ட ஹாரன் கேட்டால் என் கைகள் தாமாகக் கீழே இறங்கி எதையோ பிடித்துத் தூக்கத் தேடும். லம்பா லைன் மேட்டில் என்னோடு இருந்தவர்களில் இன்னும் சிலருக்கு இது இருக்கும் என்று நினைக்கிறேன். நாங்கள் யாரும் அதைப் பேசிக்கொண்டதில்லை.

எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு ஓரிடத்தில் நிற்பது எனக்குப் பழகவில்லை. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்து, வண்டூரில் படகுகளுக்கு டீசல் சுமந்தேன், பாக்குத் தோட்டத்தில் காய் உரித்தேன், சாலை வேலையில் ஜல்லி அள்ளினேன். சில இடங்களில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன், பல இடங்களில் காரணமே இல்லாமல் கிளம்பினேன். ஆனால் எங்கே போனாலும் லம்பா லைனை ஒட்டிய அந்த மேட்டுக்குத்தான் திரும்பி வந்தேன். மேட்டு உச்சியில் பாய் ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தார். அவரும் எங்கள் பக்கத்து மனிதர்தான். முதல் தடவை போனபோது கடையின் பின்கட்டில் வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளச் சொன்னார். எத்தனை நாள் என்று கேட்கவில்லை. ஒவ்வொரு தடவை நான் திரும்பி வந்தபோதும் எங்கே போயிருந்தாய் என்றும் கேட்டதில்லை. அவருடைய மனைவி கேட்பார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். "வாங்க தொரை, கப்பல் வித்துட்டீகளா?" என்று கேட்டுக்கொண்டே சோற்றுத் தட்டை வைப்பார்.

அப்போது மேட்டுக்குச் சாலை கிடையாது. அடிவாரத்தில் பஸ் போகும் சாலையிலிருந்து உச்சி வரை நேராக ஏறும் கல் படிகள் மட்டும்தான். வங்காளிகள், தெலுங்கர்கள், மலையாளிகள், ராஞ்சிப் பக்கத்துக் கூலிகள், நாங்கள் என்று எல்லோரும் அந்தப் படிகளின் இரண்டு பக்கமும் தகர வீடுகளில் இருந்தோம். கேஸ் சிலிண்டரும் அரிசியும் தோளில்தான் ஏறும். படி நல்ல படி என்று நான் சொல்ல வரவில்லை. வருஷத்தில் பாதி நாள் மழை பெய்யும் ஊரில், பாசி பிடித்த கல்லில் மூட்டையோடு ஏறியவர்களுக்கு அது தெரியும்.

இந்த நாற்காலி பாயின் கடைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டியிருக்கும். அவர் கடை வைப்பதற்கு முன்பே யாரோ செய்து வைத்தது என்பார்கள். மேட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், அந்த வீட்டு வாசலில் நின்று ஒருவர் "குர்சி" என்று கத்துவார். நாற்காலி என்பதற்கு எங்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்த சொல் அதுதான். அந்தச் சத்தம் காதில் விழுந்த ஆண்கள் எல்லாம் செய்வதை விட்டுவிட்டு வர வேண்டும். முதலில் வந்தவர் நாற்காலியை எடுப்பார், அடுத்தவர் மூங்கில்களை நுழைப்பார். நான்கு பேர் தூக்குவார்கள், மற்றவர்கள் படியில் முன்னால் நின்று கால் வைக்க வேண்டிய கல்லைக் காட்டுவார்கள். நாற்காலி அடிவாரத்தைத் தொடும்போது ஆட்டோ தயாராக நிற்கும். அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை என்றாலும் அந்தச் சத்தத்துக்கு வராமல் இருக்க முடியாது. இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. நோயாளி தவிர வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது. குழந்தைகள் விளையாட்டுக்கு ஏறினால்கூடப் பெரியவர்கள் பதறிப்போய் இறக்கிவிடுவார்கள்.

ஒரு மழைக்காலத்தில் அக்காவுக்கு நெஞ்சு அடைத்தது. பாய்தான் கத்தினார். முன்னால் இடது பக்க மூங்கில் என் தோளில் இருந்தது. பாதிப் படியில் பின்னால் தூக்கியிருந்தவரின் கால் வழுக்கியது. நாற்காலி சாய்ந்து அக்கா கல்லில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் அவர் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். இடுப்பு எலும்புதான் சரியாகச் சேரவில்லை. அதற்குப் பிறகு சுவரைப் பிடித்துத்தான் நடந்தார். கீழே இறங்குவதே நின்றுபோனது. பேச்சு மட்டும் குறையவில்லை. பார்க்க வந்தவர்களிடம், தன் கல்யாணத்தில்கூட இத்தனை ஆண்கள் வேலை செய்யவில்லை என்று சொல்லிச் சிரிப்பார்.

சாலை வேண்டும் என்று பாய் அலைய ஆரம்பித்தது அப்போதுதான். வண்டி வாசலுக்கு வர வேண்டும், ஆம்புலன்ஸ் உச்சி வரை ஏற வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் ஏறி உட்கார்ந்து பேசினார். வேலியை உள்ளே தள்ளிப் போடச் சம்மதம் வாங்கினார். அலுவலகங்களுக்கு நடந்தார். நானே சில தடவை கூடப் போயிருக்கிறேன். அக்கா கேலி செய்வார். "ரோடு போட்டு என்னைய கார்லயா கூட்டிட்டுப் போகப் போறீக?" பாய் நிமிர்ந்து பார்க்காமல் பொட்டலம் மடித்துக்கொண்டே, "ஆமா. முன்னாடி சீட்டுல" என்பார்.

சில வருஷங்களில் சாலை வந்தது. மேட்டின் வயிற்றை மண்வாரி இயந்திரம் அறுத்தது. இரண்டு வளைவுகளோடு சிமெண்டுச் சாலை உச்சிக்கு ஏறியது. அதற்கு இடம் போதாமல் படிகளை உடைத்தார்கள். அந்தக் கூலி வேலை எனக்கும் கிடைத்தது. பாய் எல்லோருக்கும் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். சாலை திறந்த வாரத்திலேயே ஒரு பழைய வேன் வாங்கினார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அக்காவை முன் இருக்கையில் உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டிவிட்டு, கடற்கரைச் சாலையில் ஒரு சுற்றுச் சுற்றி வருவார். அத்தனை வருஷம் கழித்து அக்கா கடலைப் பார்த்தார். அந்தச் சாலையால் நன்மையே இல்லை என்று நான் சொன்னால் அது பொய்.

சாலைக்குப் பின்னாலேயே வீடுகள் வந்தன. முன்பு சிமெண்டு மூட்டை ஏறாத இடத்துக்கு லாரி ஏறியது. தகர வீடுகள் மூன்று மாடிகளாயின. கீழ்த்தளத்தில் தூண்கள் மட்டும் நிறுத்தி, வண்டிக்கு இடம் என்று வரைபடத்தில் காட்டுவார்கள். கட்டி முடித்ததும் தூண்களுக்கு நடுவில் செங்கல் வைத்து அடைத்து வாடகைக்கு விடுவார்கள். கடையிலிருந்து இறங்கினால் வரும் முதல் வளைவில் இருந்த வீட்டில் அப்படி ஒரு அறையில்தான் நான் குடியேறினேன். அது ஒரு காருக்காகக் கட்டப்பட்ட அறை. நான் உள்ளே படுத்தேன், வீட்டுக்காரரின் கார் வெளியே வளைவில் நின்றது. எல்லா வீட்டிலும் இதே கதைதான். முன்பெல்லாம் அடிவாரத்து பஸ்ஸுக்குப் படிகளில் சட்டென்று இறங்கிவிடுவோம். இப்போது இரண்டு வளைவையும் சுற்றி, வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போக வேண்டியிருந்தது. அதற்குப் பயந்தே மற்றவர்களும் ஸ்கூட்டர் வாங்கினார்கள், ஸ்கூட்டர் வைத்திருந்தவர்கள் கார் வாங்கினார்கள். ஏற ஆள் குறைந்து பஸ்ஸும் குறைந்தது. சாலையின் இரண்டு பக்கமும் வண்டிகள் அடைந்தன. நடுவில் ஒரு வண்டி நுழையும் இடம் இருந்தது, அதுவும் எல்லோரும் ஒழுங்காக ஒட்டி நிறுத்தினால்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வேலைநாள் என்றால் பாதி வண்டிகள் வெளியே போயிருக்கும். அன்றைக்கு எல்லாமே வீட்டில் நின்றன. சாப்பாட்டுக்குப் பிறகு அக்காவுக்கு மூச்சு முட்டியது. பாய் ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லிவிட்டு, காத்திருக்காமல் அவரை வேனின் முன் இருக்கையில் உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டி, வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரம்தான் வந்தார். முதல் வளைவில் என் வீட்டுக்காரரின் காருக்கு எதிரே யாரோ விருந்தாளியின் பெரிய வண்டி நின்றது. நடுவில் வேன் நுழையவில்லை. ஹாரன் சத்தம் கேட்டு ஆட்கள் சாவிகளோடு ஓடிவந்தார்கள். கீழே நிற்பவன் நகர்ந்தால்தான் மேலே நிற்பவன் நகரலாம். கீழே ஆம்புலன்ஸ் வந்து சாலையின் வாயை அடைத்துக்கொண்டு நின்றது. வீடுகளின் இடைவெளியில் அதன் விளக்கு சுழல்வது தெரிந்தது. விருந்தாளி கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் மைத்துனரின் வண்டியில் குடும்பத்தோடு வண்டூர் கடற்கரைக்குப் போயிருந்தார். சாவி அவர் பாக்கெட்டில். போனில் சிக்னல் இல்லை. பாய் ஹாரன்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

அப்போது யாரோ "குர்சி" என்று கத்தினார்கள். இரண்டாம் வளைவு வீட்டு வங்காளித் தச்சர் என்று நினைக்கிறேன். பல வருஷமாக மேட்டில் கேட்காத சத்தம். ஆனால் எல்லோரும் வந்தார்கள். சோற்றுக் கையோடு வந்தவர் இருந்தார், முகத்தில் பாதி சவரத்தோடு வந்தவர் இருந்தார். வந்த எட்டுப் பேரும் என் வீட்டுக்காரரின் காருக்குக் கீழே கையைக் கொடுத்தோம். "ஏக், தோ, தீன்." பின்பக்கம் ஒரு சாண் நகர்ந்தது. மறுபடியும் தூக்கினோம். பின்பக்கம், முன்பக்கம், மறுபடி பின்பக்கம். காரைத் தூக்கித் தூக்கிச் சுவரோடு ஒட்டவைத்தபோது ஒருவர் கை தட்டினார். எனக்கும் உடம்பில் ஒரு சந்தோஷம் ஏறியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பழைய நாள் திரும்பிவிட்டது போல இருந்தது. அந்தப் பெரிய வண்டிக்குப் போனோம். அதன் கீழே குனிந்திருந்தபோது ஹாரன் நின்றது. வழி போதும் என்று பாய் சொல்வதாக எடுத்துக்கொண்டோம். திரும்பிப் பார்த்தபோது அவர் இரண்டு கைகளாலும் அக்காவின் முகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அக்கா அந்த நேரத்தில் மெலிந்து எலும்பாக இருந்தார். நாற்காலி வேனுக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில், கடைச் சுவரில் அதே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. குர்சி என்று கேட்டுத்தான் நாங்கள் ஓடிவந்தோம். வந்து காரைத் தூக்கினோம். நான் சாலை வேலையிலும் படகு வேலையிலும் எத்தனையோ முட்டாள்தனங்களைப் பார்த்திருக்கிறேன். இது அந்த வகையில் சேராது. அங்கே இருந்த யாரும் முட்டாள் இல்லை, யாரும் மனசு கெட்டவரும் இல்லை. நோயாளி வண்டிக்குள் இருந்தார், வண்டிக்கு வழி வேண்டும். அதற்கு மேல் யாருடைய கண்ணும் போகவில்லை.

மறுநாள் காலை அக்காவின் உடலைச் சந்தூக்கில் வைத்துத் தோளில் சுமந்து இறக்கினார்கள். நானும் தோள் கொடுத்தேன். மேட்டு உச்சியிலிருந்து அடிவாரம் வரை சாலையில் ஒரு வண்டிகூட இல்லை. விடியும் முன்பே எல்லோரும் கீழே கொண்டுபோய் எங்கெங்கோ நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். அத்தனை அகலமான சாலை அது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதும் வரை சாலையின் ஒரு பக்கம் காலியாகவே இருந்தது. யாரும் உத்தரவு போடவில்லை, தாமாகவே விட்டார்கள். ஃபாத்திஹாவுக்கு வந்த வெளியூர் உறவினர் ஒருவர் தன் காரை அந்தப் பக்கம் நிறுத்தினார். விருந்தாளி என்று விட்டோம். அடுத்த வாரம் மழையில் ஒருவர் நிறுத்தினார். பிறகு பழையபடி ஆனது. பாய் மறுபடி வீடு வீடாக ஏறினார். சாலை கேட்டுப் போன அதே வீடுகள். எல்லோரும் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள், எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், சிலர் அழுதார்கள். மறுநாள் காலையில் வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. வேறு எங்கே நிறுத்துவார்கள்? அதற்கான இடத்தில்தான் என்னைப் போன்றவர்கள் குடியிருந்தோமே.

பிறகு அவர் நாற்காலியைக் கொண்டுவந்து முதல் வளைவில் வைத்தார். தினமும் சாயங்காலம், வண்டிகள் வீடு திரும்பும் நேரத்தில் வைப்பார். ஜனங்கள் அதற்கு மரியாதை கொடுத்தார்கள். இரண்டு கையாலும் எடுத்து, சுவரோரம் அலுங்காமல் வைத்துவிட்டு, அந்த இடத்தில் காரை நிறுத்தினார்கள். ஒரு நாள் புதிதாகக் குடிவந்த ஒருவர் காரைப் பின்னால் எடுக்கும்போது அதன் காலை உடைத்துவிட்டார். நல்ல பிள்ளை. பதறிப்போய்க் கடைக்கு ஓடி, அதற்குப் பதிலாக ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிவந்து, சாச்சா மன்னிக்க வேண்டும் என்று ஹிந்தியில் கேட்டார். பாய் அதை வாங்கிக் கடைக்குள் வைத்தார். பரவாயில்லை என்றும் சொன்னார்.

அன்றைக்கு பாய் உடைந்த காலை நைலான் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். முடிச்சுப் போட்டபடி கேட்டார்.

"அவ என்னா எடை இருந்திருப்பா தம்பி?"

நான் நாற்காலியைத் திருப்பிப் பிடித்தேன்.

"அரிசி மூட்டைய விடக் கம்மி. தெனம் நான் தூக்குற மூட்ட. யாரும் வேணாம். நானே தூக்கிட்டு நடந்திருக்கலாம்." பல்லால் கயிற்றை இழுத்து இறுக்கினார். "ராஸ்தா இருக்குன்னு உக்காந்துட்டேன்."

அதற்குப் பிறகு அவர் நாற்காலியை வளைவில் வைக்கவில்லை. வேனையும் எடுக்கவில்லை. அது கடைக்கு முன்னால் நின்றது. முன் இருக்கையின் பெல்ட், ஆள் இல்லாமலேயே, மாட்டியபடி இருந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் அந்தக் கண்ணாடிக்குள் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டார்கள். போன வாரம் அவருடைய மகன் மெயின்லேண்டிலிருந்து வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார். கிளம்பும்போது பாய் நாற்காலியை என்னிடம் கொடுத்தார். இங்கே கிடந்தால் இன்னொருவன் உடைத்துவிட்டு இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வருவான் என்றார். "நீ ஒரு எடத்துல நிக்கிற ஆளு இல்ல. இதையும் கூட்டிட்டுத் திரி. சும்மா மட்டும் உக்காந்துராத."

இரண்டு நாள் கழித்து என் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். கூச்சப்பட்டுக்கொண்டே பேசினார். வண்டூரிலிருந்து திரும்பிய அந்த நாளிலிருந்து தனக்குத் தூக்கம் சரியில்லை என்றார். அறையைக் காலி செய்து கொடுத்தால் முன்சுவரை இடித்துவிட்டுக் காரை உள்ளே வைத்துவிடுவேன், வளைவில் இடம் கிடைக்கும் என்றார். இத்தனை வருஷத்தில் அந்த மேட்டில் ஒருவர் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. நான் உடனே சம்மதித்தேன். என்னிடம் காலி செய்ய ஒரு பையும் இந்த நாற்காலியும்தான் இருந்தன. கிளம்பிய அன்று காலை சுவரை இடித்தார்கள், நானும் கை கொடுத்தேன். கார் உள்ளே போனது. வளைவு திறந்துகொண்டது. வீட்டுக்காரர் அந்தக் காலி இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அடிவாரத்துக்கு இறங்கி நாற்காலியைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். வளைவில் யாரோ ஒருவரின் வெள்ளைக் கார் பின்னால் வந்து, அந்த இடத்தில் அலுங்காமல் நின்றுகொண்டிருந்தது.

சாத்தத்தில் பாம்பூஃப்ளாட்டுக்குப் போகும் வண்டிப் படகில் ஏறினேன். அதில் கார்களுக்கு நடுவில் கதவு திறக்க இடமில்லை. மனிதர்கள் பக்கவாட்டில் திரும்பி நின்றார்கள். நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடியே அக்கரை சேர்ந்தேன். சாயங்காலம் தெரிந்தவர் ஒருவரின் தேநீர்க் கடையில் வேலை விசாரித்துவிட்டு, அங்கேயே பெஞ்சில் படுத்தேன்.

மறுநாள் காலையில் வேலை கிடைத்தது. படகு ஜெட்டிக்குப் பக்கத்தில் சதுப்பை மண்ணடித்துச் சமன் செய்த மைதானம். போர்ட் பிளேருக்கு வேலைக்குப் போகிறவர்கள் வண்டியை அங்கே விட்டுவிட்டுப் படகு ஏறுவார்கள். வருகிற வண்டிகளைக் கைகாட்டி நிறுத்த வேண்டும், சாயங்காலம் வரை பார்த்துக்கொள்ள வேண்டும். குத்தகைக்காரர் தூத்துக்குடிப் பக்கத்து ஆள். என் தலையில் இருந்ததைப் பார்த்து, குர்சியும் நீயே கொண்டு வந்துட்டியா, எனக்கு ஒரு செலவு மிச்சம் என்றார். வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் காற்றுப் போனால் போதும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

படகு வரத்து குறைந்ததும் திரும்பி வந்து மைதானத்தைப் பார்த்தார். இரண்டு வரிசைகளுக்கு நடுவில், கடைசி மூலையிலிருந்து சாலை வரை, ஒரு பாதை காலியாகக் கிடந்தது.

"நடுவுல எதுக்குய்யா இவ்ளோ ஜாகா? இன்னொரு லைன் நிக்குமே."

"நிக்கும்" என்றேன்.

"பெறகு?"

நாற்காலியை எடுத்து அந்தப் பாதையின் வாயில் வைத்தேன். உடைந்த கால் மண்ணில் கொஞ்சம் அமுங்கியது. அவர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்னைக்கு இருக்கட்டும், நாளைக்குப் பேசிக்கலாம் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். நான் பக்கத்தில் கிடந்த கல்மேல் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கார் உள்ளே வந்து, நாற்காலிக்கு முன்னால் நின்று, நீளமாக ஹாரன் அடித்தது. என் கைகள் கீழே இறங்கின. பிறகு எழுந்து, ஒரு கையைத் தூக்கி, ஓரமாகப் போகச் சொன்னேன்.